சிவப்புக் குமிழ்

நாலு நாளாக லோவிலேயே கிடக்கிறது.
தோட்டத்து மேட்டில் மழைக்குள் ஏற்றியபோது
பின்னுக்கு இழுத்த சிவப்புக் குமிழ்
அப்புறம் முன்னுக்கு வரவே இல்லை.
கந்தப்பளையிலிருந்து டவுன் வரைக்கும்
வண்டி முழுக்க உறுமல், வேகம் ஆள் நடை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடையை மடக்கிப்
பின்கதவைத் தட்டித் தட்டி முந்தினார்கள்.
லீக்ஸ் கட்டுகள் மார்க்கெட் சேரும்போது
விலை சொல்கிறவன் எழுந்து கை கழுவிவிட்டான்.

கராஜில் திசாநாயக்க பாஸ் குனிந்துகூடப் பார்க்கவில்லை:
பெட்டியை இறக்கணும், நாற்பதாயிரம்.

"நிக்கிற வண்டிக்குக் கியர் எதுக்கு" என்றான் தம்பி.
ஹோட்டல்காரர் ஒருவர் புல்தரையில் நிறுத்திவைக்கக் கேட்கிறாராம்,
பானட்டில் பூச்சட்டி வைப்பாராம்,
வெள்ளைக்காரர்கள் சாய்ந்து நின்று படம் பிடிப்பார்களாம்.
முடியாது என்றேன்.
வண்டிப் புத்தகத்தில் ரெண்டு பேர் பெயரும் இருக்கிறது.
அன்றிலிருந்து சசிதரன் என்னோடு பேச்சில்லை.
சோற்றுக்கு மட்டும் தட்டை நகர்த்துவான்.

ஞாயிறு மழை விட்டது.
சில்லுகளுக்குக் கல் வைத்து
யூரியா சாக்கை விரித்து, மல்லாந்து உள்ளே போனேன்.
என் கைதான் மெலிசு.
அவன் முழங்கை அந்த இடுக்கில் போகாது.

கியர்பெட்டியின் பக்கத்தில்
லீவரின் அடிக்கால் திரும்புகிற ஆணி.
முப்பது மாரியின் செம்மண்
அதைச் சுற்றிச் செங்கலாய் வெந்திருந்தது.
குத்திக் குத்தி உதிர்த்தேன்,
பாதி கண்ணுக்குள், பாதி வாய்க்குள்.
மண்ணெண்ணெயும் பிரேக் ஒயிலும் கலந்த
இருமல் மருந்துப் போத்தலைச் சரித்தேன்.
அது யோசித்து யோசித்து இறங்கியது.

கீழே ஒருத்தர் மேலே ஒருத்தர் இல்லாமல் இது நடக்காது.
"ஏறு" என்றேன்.
ஏறினான். ஸ்பிரிங் முனகி
என் மூக்குக்கு மேலே சேஸ் ஓர் அங்குலம் இறங்கியது.

"முன்னுக்கு."
"பின்னுக்கு."
"முன்னுக்கு. மெதுவா. ஆடுதா?"

தரைத் தகட்டு ஓட்டையில்
அவன் செருப்பும் ஒரு துண்டு வானமும்.
"ம்" என்றது செருப்பு.
நாலு நாளில் முதல் சொல்.

பிள்ளை தூங்குகிற வீட்டுக் கதவைப்போல
ஆணித் தலையில் சுத்தியலால் தட்டினேன்.
ஒரு நெல்லளவு ஆடியது. பிறகு ஒரு விரல்.
துருத் தண்ணீர் கழுத்துக்குள் ஓடியது.
ஆணி விட்டுக்கொடுத்துவிட்டது, கைக்குத் தெரிந்தது.
ஆனாலும் குமிழ் லோவை விடவில்லை.

அப்போதுதான் உறைத்தது.
நாலு நாளாகத் தார் ரோட்டில்
நாலு சில்லையும் பூட்டியபடி ஓட்டியிருக்கிறோம்.
ஒவ்வொரு வளைவிலும்
முன்சில்லுக்கு ஒரு தூரம், பின்சில்லுக்கு ஒரு தூரம்.
மிச்சத் தூரமெல்லாம் போக்கிடமில்லாமல்
பல்லோடு பல் முறுக்கிக்கொண்டு உள்ளே கிடக்கிறது.
இதற்கு எண்ணெய் கேட்காது.

வெளியே உருண்டு வந்தேன். கல்லை எடுத்தேன்.
"ரிவர்ஸ் போடு. கொஞ்சந்தான், கோவா பாத்தி வரைக்கும்.
வளைக்காத. நேரா."

மூன்று முழம் போயிருக்கும்.
அடியில் எங்கேயோ ஒரு 'டொங்',
தலைச்சுமையை இறக்கிவைத்த மாதிரி.
கிளச்சை மிதித்துச்
சுண்டுவிரலால் தள்ளினான் குமிழை.
ஹை.

என்ஜினை அணைக்காமல் எட்டிப் பார்த்தான்.
நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை.
சண்டையையாவது விட்ட இடத்தில் தொடங்குவான் என்றிருந்தேன்.
"அக்கா, ஓடுற வண்டின்னா
அந்த ஆள்கிட்ட இன்னும் ரெண்டு லட்சம் கேக்கலாம்."

முகத்தில் செம்மண் காய்ந்து இழுத்தது,
சிரித்தால் வெடிக்கும்.
"கேளு" என்றேன் சாக்கைச் சுருட்டிக்கொண்டே,
"நாளைக்கு லீக்ஸ இறக்கிட்டுக் கேளு."

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
அப்புறம், எங்கேயோ பார்த்தபடி:
"அந்த மஞ்சக் குமிழும் இறுக்கமாத்தான் இருக்கு."

போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
அடியில் கொஞ்சம் இருந்தது.